செருப்போடு விட்டுவந்த அலைனர்

நாக்குக்கு ஓய்வே இல்லாமல் போய்விட்டது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு நிற்கும்போதும், மாடியில் துணி உலர்த்தும்போதும், கண்ணை மூடிக் கும்பிடும்போதும், அது தன்பாட்டுக்கு முன்பல்லுக்குப் பின்னால் போய் அந்த பிளாஸ்டிக் விளிம்பைத் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பும். மறுபடி போகும். உட்கார்ந்தால் எழுந்திரு என்னும், நின்றால் நட என்னும். வாய்க்குள் ஒன்று அலைந்துகொண்டே இருந்தால் ஆளும் சேர்ந்து அலைய வேண்டியிருக்கிறது.

எனக்கு ஐம்பது வயதாகப் போகிறது. இந்த வயதில் பல்லை நேராக்கி அழகு பார்க்கும் ஆசை எனக்கு இல்லை. என் கீழ்வரிசைப் பற்கள் மேல்பல்லுக்குப் பின்னால் ஏறிப்போய் அண்ணத்தைக் குத்தும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். எல்லார் வாயும் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். போன வருஷம் அந்த இடம் புண்ணாகி, ஈறு வீங்கி, ஒரு நாள் முறுக்கைக் கடித்தபோது மேல் முன்பல் ஒன்று லேசாக ஆடியது. யாரிடமும் சொல்லவில்லை. முறுக்கைக் காப்பியில் நனைத்துத் தின்றதை என் மகள் பார்த்துவிட்டாள். வைட்ஃபீல்டில் ஆபீஸ் வேலை அவளுக்கு. அந்த வார லீவிலேயே என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பல் டாக்டர் நாற்காலியில் உட்கார்த்தி வைத்தாள்.

டாக்டர் கன்னடக்காரப் பெண். மகளைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருப்பாள். தமிழ் நன்றாகவே வருகிறது, நடுநடுவே கன்னடம் எட்டிப்பார்க்கும்.

"அம்மா, கீழ்ப்பல்லு தினமும் இந்தப் பல்லை முட்டித் தள்ளுது. இப்பவே ஆடுது. இப்படியே விட்டா ஸ்வல்ப நாள்ல விழுந்துடும். அப்புறம் பக்கத்துப் பல்லு."

முதலில் ஈற்றைச் சரிசெய்தாள். புண் ஆறியபிறகு வாயை ஏதோ கருவி வைத்துப் படம் எடுத்தாள். சில வாரம் கழித்து அலைனர் வந்தது. கண்ணாடித் தாளில் பல்வரிசையை அச்செடுத்தாற்போல மேலுக்கு ஒன்று, கீழுக்கு ஒன்று. அது பிடித்துக்கொள்வதற்காகச் சில பற்களின் மேல் பல் நிறத்திலேயே சின்னச் சின்னப் பொட்டு ஒட்டினாள். ஒரு செட்டைப் போட்டுக்கொண்டே இருந்தால் பல் ஒரு நூல் நகரும், நகர்ந்ததும் அடுத்த செட். இப்படி ஒவ்வொன்றாகப் போட்டுப் பல்லை அதனதன் இடத்துக்குக் கூட்டிப் போக வேண்டும்.

"சாப்பாட்டுக்கும் காப்பிக்கும் கழட்டுங்க. பல்லு தேச்சுட்டுத்தான் திருப்பிப் போடணும். மத்தபடி ராத்திரி பகல் வாயிலயே இருக்கணும். போட்டிருக்கறப்ப வெறும் தண்ணி மட்டும்தான். கழட்டினா டப்பாவுல வைங்க, பேப்பர்ல சுத்தி வச்சா குப்பைன்னு யாராவது தூக்கிப் போட்டுடுவாங்க. பச்சைத்தண்ணியில மெத்துனு பிரஷ் போட்டுக் கழுவுங்க. பிஸி நீரு பேடவே பேடா, சுடுதண்ணி பட்டா வளைஞ்சிடும். பழைய செட்டை எறியாதீங்க."

எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். கஷ்டம் வீட்டுக்கு வந்தபிறகுதான் ஆரம்பித்தது.

எங்கள் வீட்டில் எச்சில் என்றால் விளையாட்டில்லை. டம்ளரை உதட்டில் வைக்காமல் அண்ணாந்துதான் குடிப்போம். குழம்புக்கு உப்பு பார்ப்பதென்றால்கூட உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு, நக்கிய கையைக் கழுவிவிட்டுத்தான் கரண்டியைத் தொடுவேன். வெள்ளிக்கிழமை படைத்து முடியும்வரை அதுவும் கிடையாது. அப்படி இருந்தவள் இப்போது நாளைக்கு எத்தனை தடவை வாய்க்குள் விரலை விட்டு, எச்சில் நூலாக இழுக்க அந்தச் செட்டைப் பிடுங்கி எடுக்கிறேன். எடுத்து எங்கே வைப்பது?

அல்சூர்ப் பக்கம் எங்கள் வீடு, ஒரு ஹால், ஒரு அடுப்படி, அவ்வளவுதான். அடுப்படியில் கிழக்குப் பக்க அலமாரிதான் சாமி. அதனால் அடுப்படியில் வைக்க முடியாது. குளியலறையில் கக்கூஸும் சேர்ந்திருக்கிறது, வாயில் போடுகிற பொருளை அங்கே வைக்க மனசு வரவில்லை. ஜன்னலில் வைத்தால் வெயில். டி.வி. மேல் வைத்தேன், வந்தவர்கள் கண்ணெல்லாம் அதன் மேல். கடைசியில் வாசல் கதவுப் பக்கம் செருப்பு அலமாரியின் மேல்தட்டில் ஒரு இடம் ஒதுக்கினேன். அந்தப் பச்சை டப்பா வாடகை வீடு தேடுகிறவன் மாதிரி எங்கள் வீட்டுக்குள்ளேயே வீடு மாறிக்கொண்டிருந்தது.

என் வீட்டுக்காரர் வைட்ஃபீல்ட் கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றும் வேன் ஓட்டுகிறார். நாள் முழுக்க டிராபிக்கில் நின்ற எரிச்சலை எல்லாம் வீட்டில் கிண்டலாகத்தான் இறக்குவார்.

"இன்னாமே, வாய்ப்பூட்டு போட்டும் பேச்சு குறையலையே. டாக்டரை நட்டு இன்னும் கொஞ்சம் டைட் பண்ணச் சொல்லு."

ஒரு நாள் காலை, வெந்நீரில் ஒரு முக்கு முக்கி எடுத்தால் மனசுக்காவது சுத்தமாக இருக்குமே என்று தோன்றி, டம்ளரில் ஊற்றிக்கொண்டிருந்தேன். மகள் பாய்ந்து வந்து பிடுங்கினாள்.

"ம்மா! அது இன்னா காப்பி ஃபில்டரா, வெந்நி ஊத்திக் கழுவ?"

"கொதிக்கலடி, வெதுவெதுப்புதான்."

"ஆவி பறக்குது, வெதுவெதுப்பாம். டாக்டர் தமிழ்லயும் சொன்னாங்க, கன்னடத்துலயும் சொன்னாங்க. இன்னும் எந்த பாஷைல சொல்லணும் உனக்கு?"

கட்டிலில் இருந்தபடியே அவள் அப்பா சொன்னார்: "மணி அடிச்சி, கற்பூரம் காட்டிச் சொல்லச் சொல்லு. அப்பத்தான் உங்கம்மா காதுல ஏறும்."

சிரித்துவிட்டேன். ஆனால் அவர் சொன்னது நிஜம். டாக்டர் சொன்னதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சாமி என்ன சொல்லும் என்பதில்தான் எனக்குத் தெளிவில்லை.

காலையில் விளக்கேற்றி அம்மன் போற்றி சொல்வது என் வழக்கம். கல்யாணமான நாள்முதல் ஒரு நாள் விட்டதில்லை, பிரசவத்துக்கும் தீட்டுக்கும் தவிர. அலைனரோடு சொன்னபோது 'ச' வருகிற இடமெல்லாம் விசில் அடித்தது. அதைவிட, வாய் கொப்பளித்துவிட்டு அம்மன் முன்னால் நிற்க வேண்டியவள், எச்சிலில் ஊறின ஒரு பண்டத்தை வாயில் அடக்கிக்கொண்டு நிற்பதாக உறுத்தியது. தின்றுகொண்டே கும்பிடுகிற மாதிரி. அதனால் பூஜைக்குக் கழற்றி வைத்தேன். பூஜை முடிந்தால் காப்பி வரும். காப்பி முடிந்தால் பால்காரர், தண்ணீர் லாரி, எதிர்வீட்டு அக்காவோடு இரண்டு பேச்சு. பல் தேய்த்துவிட்டுத்தானே போட வேண்டும், இதோ தேய்க்கிறேன், இதோ என்று வெயில் ஏறிவிடும். வெள்ளிக்கிழமை என்றால் சாயங்காலமும் ஒரு பூஜை.

"போட்டியாம்மா?" என்று மகள் ஆபீஸில் இருந்து போன் பண்ணுவாள்.

"போடறேன், போடறேன்."

"போடறேன் இல்ல, போட்டுட்டேன் சொல்லு."

இரண்டாவது செட்டுக்கு மாறியபின் டாக்டரிடம் போனபோது அவள் சின்னக் கண்ணாடியை என் கையில் கொடுத்தாள்.

"பாருங்கம்மா. மத்த பல்லெல்லாம் உள்ள போய் உக்காந்திருக்கு. முன்பல்லுக்கும் அலைனருக்கும் நடுவுல மட்டும் சந்து தெரியுது பாருங்க. இந்த ஆடற பல்லுதான் உக்காரல. எவ்ளோ நேரம் கழட்டி வைக்கிறீங்க?"

"சாமி கும்பிடறப்ப மட்டும்தான்."

"எஷ்டு ஹொத்து பூஜை, அம்மா? எவ்ளோ நேரம் நடக்குது?" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "பல்லு ஒரே பக்கமா நகரணும். நீங்க போட்டுப் போட்டு எடுத்தா அது முன்னால போகும், பின்னால வரும். ஏற்கெனவே ஆடற பல்லு. அதை நாமளே ஆட்டிட்டிருந்தா எப்படி நிக்கும்? இந்த செட்டு முழுசா உக்கார்ற வரைக்கும் அடுத்தது கிடையாது. ஒழுங்கா போட்டா பல்லைக் காப்பாத்திடலாம். இல்லேன்னா என்னால கேரண்டி குடுக்க முடியாது."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஆட்டோவில் நாக்கு அந்தப் பல்லையே தொட்டுக்கொண்டிருந்தது. கேரண்டி குடுக்க முடியாது. தொடும்போதெல்லாம் ஆடுகிற மாதிரி இருந்தது. தொடாமல் இருந்தால் விழுந்துவிட்ட மாதிரி இருந்தது.

அன்று சாயங்காலம் அம்மனோடு ஒரு ஒப்பந்தம் செய்துகொண்டேன். 'தாயே, வீட்டில் நீ எங்களோடு இருக்கிறவள். நாங்கள் தின்பதும் தும்முவதும் உனக்குத் தெரியும். இங்கே நீ பொறுத்துக்கொள். உன் கோயிலுக்கு வரும்போது நிச்சயம் கழற்றிவிட்டு வருகிறேன்.' அதிலிருந்து வீட்டில் அலைனரோடுதான் போற்றி சொன்னேன். விசில் அடித்தது. பொறுத்துக்கொண்டாள்.

ஆடி வந்தது. எங்கள் தெருமுனை அம்மன் கோயிலில் ஆடி வெள்ளி என்றால் கேழ்வரகுக் கூழ். பெண்கள் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து விடியும்முன்பே அண்டா வைத்துக் கிண்ட ஆரம்பித்துவிடுவோம். கூழ் படைப்பதற்குமுன் விளக்கு பூஜை. அதில் போற்றி சொல்வது நான். நான் ஒன்று சொல்ல, மொத்தக் கூட்டமும் "போற்றி" என்று எடுக்கும். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவளுக்கு அந்த ஒரு காலைதான் வாத்தியார் வேலை.

அன்று சாரல் பெய்துகொண்டிருந்தது. கோயில் வாசல்வரை அலைனரைப் போட்டுக்கொண்டே போனேன், அவ்வளவு நேரம் மிச்சம் என்று. பூஜை முடிந்ததும் வெளியே வந்து போட்டுக்கொள்ளலாம், கூழ் ஊற்றும் நேரமெல்லாம் வாயில் இருக்கும் என்பது என் கணக்கு. வாசல் குழாயில் கழற்றினேன், கழுவினேன், டப்பாவில் போட்டு மூடினேன். மூடியபிறகுதான் யோசனை வந்தது. எங்கே வைப்பது? இடுப்பில் செருகலாம். செருகிக்கொண்டு படையல் அண்டாவைத் தொடுவதா? முந்தானையில் முடியலாம். குங்குமம் முடிகிற முந்தானையில் எச்சிலை முடிவதா?

கோயிலுக்குள் கொண்டுபோகக் கூடாததை விடுவதற்கு ஒரு இடம் இருக்கிறது. ஊரே விடுகிறது. செருப்பைக் கழற்றி, கையோடு கொண்டுவந்திருந்த மஞ்சள் பையில் போட்டு, அதோடு டப்பாவையும் போட்டேன். வாசலில் பூ விற்கும் பெண்தான் எங்கள் செருப்புக்கெல்லாம் காவல். அவள் கூடைக்குப் பின்னால் பையைத் தள்ளி வைத்தேன்.

"கொஞ்சம் பாத்துக்கம்மா."

"செருப்புக்கா யக்கா இவ்ளோ பத்திரம்? தங்கத்துல செஞ்சதா?"

"புதுசு" என்றேன். வேறென்ன சொல்வது?

உள்ளே போனபிறகு நிலைகொள்ளவில்லை. விளக்குகளை வரிசையாக ஏற்றியிருந்தார்கள். பூசாரி மணியை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். கண்ணை மூடி ஆரம்பித்தேன். விசில் இல்லை, குரல் பழையபடி கணீரென்று வந்தது. ஆனால் மனசு வாசலில் பூக்கூடைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது. நாக்கு வெறும் பல்லைத் தொட்டது. வழவழவென்று, துணையில்லாத பல். ஒரே போற்றியை இரண்டு தடவை சொன்னேன் போலிருக்கிறது, பக்கத்தில் இருந்தவள் முழங்கையால் இடித்தாள். கூட்டம் இரண்டு தடவையும் "போற்றி" சொல்லிவிட்டது. தீபாராதனை முடிந்து, குங்குமம் வாங்கி, ஏற்கெனவே ஊற்ற ஆரம்பித்திருந்த கூழ் அண்டாவில் கரண்டி பிடிக்கச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்கள். கரண்டியை வேறொருத்தி கையில் திணித்துவிட்டு வெளியே வந்தேன்.

கூடை இருந்தது. பூக்காரி இல்லை. பை இல்லை.

கூழ்ப் பந்தலில் சொம்பு வைத்துக் குடித்துக்கொண்டிருந்தவளைத் தேடிப் பிடித்தேன்.

"என் பை எங்க?"

"அங்கதான யக்கா இருக்கும். தோ, ஒரு வாய் கூழு குடிக்க வந்தேன். ஒரே ஒரு வாய்."

இரண்டு பேரும் ஓடி வந்தோம். செருப்புக் குவியலைக் காலால் தள்ளித் தள்ளிப் பார்த்தோம். நான் காலால் தள்ளுவதை விட்டுக் கையாலேயே அள்ள ஆரம்பித்தேன். நனைந்த செருப்பு, சேறு ஒட்டின செருப்பு, குழந்தைச் செருப்பு. எச்சிலுக்குப் பயந்து ஒரு டப்பாவை இடுப்பில் செருகாதவள், ஊரான் செருப்பையெல்லாம் மடியில் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன். அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

கூட்டம் சேர்ந்துவிட்டது.

"செருப்பு போச்சா? அட, நல்லதும்மா!"

"ஆடி வெள்ளி, அம்மன் வாசல்ல போயிருக்கு. பீடை விட்டுச்சுன்னு தலைமுழுகிட்டு போ."

"சனி போச்சுன்னு அர்த்தம். அழுவாத, சிரி."

"எனக்குப் போக மாட்டேங்குதே. அஞ்சு வருசமா பிஞ்ச செருப்பத்தான் போட்டுட்டு வரேன், ஒருத்தரும் எடுக்க மாட்டேங்கறாங்க."

எல்லாரும் எனக்கு வாழ்த்து சொன்னார்கள். ஒருத்தி என் நெற்றியில் குங்குமம்கூட வைத்துவிட்டாள். நானும் இத்தனை வருஷமாக மற்றவர்களுக்கு இதையேதான் சொல்லி வந்திருக்கிறேன், நம்பித்தான் சொன்னேன். இப்போது என்னால் சிரிக்கவும் முடியவில்லை, என்ன தொலைந்தது என்று சொல்லவும் முடியவில்லை. பல்லில் போடுகிறதைச் செருப்போடு விட்டேன் என்று எந்த வாயால் சொல்வது?

வெறுங்காலோடு தெருவில் இறங்கினேன். சாரலில் ரோடு சில்லென்று இருந்தது. மஞ்சள் பை வைத்திருந்தவர்களையெல்லாம் நிறுத்தினேன். ஆடி வெள்ளியில் மஞ்சள் பை இல்லாதவர் யார்? ஒருத்தி பையில் தேங்காய் மூடி, ஒருத்தி பையில் வேப்பிலை. ஆனேக்கல்லில் இருந்து ஒரு கூட்டம் வேண்டுதலுக்கு வந்து, பூஜை முடிந்த கையோடு ஓடிப்போய் பஸ் ஏறினதாகச் சொன்னார்கள். அவர்களில் ஒருத்தி தன் பை என்று நினைத்து எடுத்திருப்பாளோ? பஸ் ஸ்டாப் வரைக்கும் போனேன். பஸ் போய்விட்டிருந்தது. திரும்பி வந்து கூழ் குடித்துப் போட்ட பேப்பர் கப்பு மூட்டையைப் பிரித்தேன். நாக்கு ஓயாமல் அந்தப் பல்லைத் தொட்டது. ஒவ்வொரு தடவையும் பல் கொஞ்சம் பின்னால் போய்விட்டதாகத் தோன்றியது. நான் நிற்க நிற்க அது போய்க்கொண்டிருந்தது.

பூக்காரி கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"யக்கா, செருப்புக்குப் போயி குப்பையைக் கிளறுவாங்களா? அந்தப் பைல இன்னா இருந்துச்சு? நெசத்தச் சொல்லு. நகையா?"

சொல்லிவிட்டேன். அவள் காதோரம் குனிந்து, மெதுவாக. அவள் அதை மெதுவாக வாங்கிக்கொள்ளவில்லை.

"இன்னாது? பல்லு க்ளிப்பைக் கழட்டி செருப்புக்குள்ள வெச்சியா?"

"செருப்புக்குள்ள இல்ல. டப்பால."

"இன்னாத்துக்கு?"

"எச்சில் இல்லையா. அம்மன் முன்னாடி எப்படி வாயில வச்சிட்டு..."

அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நல்லாருக்கு யக்கா உன் ஞாயம். உள்ள மணி ஆட்டறாரே பூசாரி, அவர் வாயில இருக்கறது அவர் பல்லா? மேல கீழ பூரா செட்டுப் பல்லு. அத கழட்டி என் கூடையிலயா வெச்சிட்டுப் போறாரு? அவர் அம்மன் மூஞ்சிக்கு நேரா நின்னு மந்திரம் சொல்றாரு. நீ பத்தடி தள்ளி நிக்கற."

பூசாரிக்குச் செட்டுப் பல் என்பது எனக்கும் தெரியும், ஊருக்கே தெரியும். சிரிக்கும்போது லேசாகக் கீழே இறங்கும். எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அந்த வாயால் மந்திரம் சொல்லி அவர் கொடுத்த தீர்த்தத்தைக் கண்ணில் ஒற்றித்தான் குடித்திருக்கிறேன்.

மகளுக்குப் போன் பண்ணினேன். திட்டுவாள் என்று பார்த்தால் திட்டவில்லை.

"ம்மா, நீ அழறியா?"

"இல்லடி, சாரல்."

"சரி, கேளு. டாக்டர்கிட்ட இப்பவே பேசறேன். என் பீரோல கீழ்த்தட்டுல வெள்ளை டப்பா இருக்கு, உன் பழைய செட்டு. நீ எறிஞ்சிடுவன்னு நான்தான் எடுத்து வச்சேன். கழுவிப் போடு. மொதல்ல போடு, அப்புறம் பேசலாம்."

ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தேன். காலைக்கூடக் கழுவாமல் பீரோவைத் திறந்தேன். வெள்ளை டப்பா இருந்தது. கழுவி, பல் தேய்த்து, மேல்செட்டை வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினேன்.

சட்டென்று உட்கார்ந்துவிட்டது. இறுக்கவில்லை, வலிக்கவில்லை.

முதலில் 'அப்பாடா' என்றுதான் வந்தது. கண்ணாடியில் பார்த்தேன். ஒரு சந்து இல்லை, அளவெடுத்தது போல இருந்தது. அப்போதுதான் உறைத்தது. தொலைந்த செட்டை ஒழுங்காகப் போட்டிருந்தால் பல் முன்னேறியிருக்கும், பழையது இப்போது இறுக்கிக் கடித்திருக்க வேண்டும். இவ்வளவு சுலபமாக உட்கார்கிறது என்றால் என் பல் இன்னும் பழைய இடத்திலேயே நிற்கிறது. காப்பிக்குப் பிறகு 'இதோ, இதோ' என்று இழுத்ததில், வாரக்கணக்காகப் போட்டதாக நினைத்தது எல்லாம் போடாததாகிப் போனது.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் வந்து கதையைக் கேட்டார்.

"ஊர்ல அவனவன் கோயில்ல செருப்பக் காணோம்பான். எங்க வீட்டுல பல்லக் காணோம்." கொஞ்ச நேரம் தானே சிரித்துக்கொண்டிருந்தார். நான் சிரிக்காததைப் பார்த்ததும் குரல் இறங்கியது. "இன்னாமே, அந்தப் பல்லு ரொம்ப ஆடுதா?"

"தெரியல. தொட்டாப் பயமா இருக்கு."

"தொடாத."

"நாக்கு கேக்க மாட்டேங்குதுங்க."

அவர் எழுந்துபோய் செருப்பு அலமாரியின் மேல்தட்டைப் பார்த்தார். அங்கே டப்பாவுக்கு நான் விரித்திருந்த துணி மட்டும் இருந்தது. அதை எடுத்து உதறி, அடுப்படிக்குள் கொண்டுபோய், சாமி அலமாரிக்கு எதிர்ச்சுவரில் மசாலா டப்பாக்களை நகர்த்திவிட்டு அங்கே விரித்தார்.

"இனிமே இங்க வை. வாயில போடறது வாய்க்கு வேண்டியதோட இருக்கட்டும். அம்மா பாத்துட்டிருப்பா, தொலையாது."

அவர் அதிகம் கோயிலுக்குப் போகிறவர் இல்லை. வேனில் ஒரு அம்மன் படம், அதற்கு வாரம் ஒரு முழம் பூ, அவ்வளவுதான் அவர் பக்தி. அன்றைக்கு அவர் சொன்னபடியே வெள்ளை டப்பாவை அங்கே வைத்தேன்.

தொலைந்த செட்டைத் திரும்பச் செய்யச் சொல்லி டாக்டர் எழுதி அனுப்பினாள். வரும்வரை பழையதையே கழற்றாமல் போட்டிருக்கச் சொன்னாள், பல் பின்னால் போகாமல் அதுவாவது பிடித்துக்கொள்ளும் என்று. பை கிடைக்கவில்லை. எடுத்தவள் ஆனேக்கல்லிலோ எங்கேயோ என் செருப்பைப் போட்டுக்கொண்டு நடக்கட்டும். டப்பாவைத் திறந்து பார்த்து என்ன நினைத்தாளோ?

அடுத்த ஆடி வெள்ளி வந்தது. வாசலில் பூக்காரி என்னைப் பார்த்ததுமே கையை நீட்டினாள்.

"குடு யக்கா. இன்னிக்கு இன்னா கழட்டித் தரப் போற? மூக்கா, காதா?"

"வாயைப் பாரு" என்று பல்லைக் காட்டினேன்.

"ஆ, பளபளன்னு இருக்கு. போ, போ. செருப்ப மட்டும் வுட்டுட்டுப் போ."

படியில் கால் வைக்கும்போது தயக்கமாகத்தான் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். திரும்பிக் குழாய்ப் பக்கம் பார்த்தேன். கழற்றிவிடலாமா? டப்பா இடுப்பில் இருந்தது. நாக்கு அந்தப் பல்லைத் தொட்டது. நான் ஒப்பந்தம் பேசியது யாரோடு? அவள் அதற்குச் சரி என்று எப்போது சொன்னாள்? நானே பேசி, நானே கையெழுத்துப் போட்டது. உள்ளே போய்விட்டேன்.

விளக்குக்கு முன்னால் நின்று, 'தாயே, இது உன் முன்னால் எச்சில் என்றால் இந்த நாக்கே எச்சில்தான். இந்தப் பல்லைக் காப்பாற்றிக்கொடு, உன் பெயரைச் சொல்லத்தான் கேட்கிறேன்' என்று சொல்லிவிட்டு ஆரம்பித்தேன். முதல் 'ச'விலேயே விசில் அடித்தது. முன்வரிசையில் இரண்டு பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பூசாரி திரும்பிப் பார்த்தார். அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். மணியை ஓங்கி ஒரு தடவை அடித்துவிட்டு, கூட்டத்தைவிட உரக்க அவரே "போற்றி" என்று எடுத்தார். அவர் செட்டும் லேசாக இறங்கி ஏறியது.

பூஜை முடிந்து குழாயடியில் கழற்றி, கழுவி, டப்பாவை இடுப்பிலேயே வைத்துக்கொண்டு கூழ் குடித்தேன். போன வாரம் குடிக்காத கூழ். குடித்ததும் பையிலிருந்த பிரஷை எடுத்துப் பல் தேய்த்துத் திரும்பப் போட்டுக்கொண்டேன். பார்த்தவர்கள் பார்க்கட்டும்.

செய்யச் சொன்ன செட் சில நாளில் வந்தது. டாக்டரே போட்டுவிட்டாள். முன்பல்லில் ஏறும்போது அது 'விண்' என்று தெறித்தது, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"ரொம்ப நோவுதாம்மா?"

"நோவுது" என்றேன். "நோவட்டும் டாக்டரம்மா."

விரலை வைத்துப் பல்லை அசைத்துப் பார்த்தாள். "இப்பவும் ஆடுது. ஆனா முன்ன மாதிரி இல்ல. இந்தத் தடவை கழட்டாதீங்க, பாக்கலாம்."

கேரண்டி என்ற வார்த்தையை அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இப்போதும் நாக்கு ஓய்ந்தபாடில்லை. இதை எழுதும்போதுகூட எத்தனை தடவை போய்விட்டு வந்துவிட்டது. காலையில் கண்ணாடி முன்னால் நின்று முன்பல்லைப் பார்த்தேன். சந்து இன்னும் இருக்கிறது, ஒரு நூல் அளவு. நேற்று இருந்ததைவிடக் கொஞ்சம் குறைந்திருக்கிறது என்றே தோன்றுகிறது. விளக்கேற்ற நேரமாகிவிட்டது. அலைனர் வாயில்தான் இருக்கிறது.